பின்தேர்வில் தேறியவள்

எங்கள் வட்டாரத்தில் தோற்றுப்போன செயலாய்வு என்று ஒன்று இதுவரை நடந்ததில்லை. ஆண்டுக்கொருமுறை ஆசிரியர்களுக்கு உத்தரவு வரும். வகுப்பில் ஒரு சிக்கலை எடுத்துக்கொள்ள வேண்டும், முன்தேர்வு வைக்க வேண்டும், சில வாரம் புது முறையில் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பின்தேர்வு வைக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பட்டைப் படமாக வரைந்து மேலே அனுப்ப வேண்டும். முன்தேர்வை விளையாட்டு பீரியடு முடிந்து பிள்ளைகள் மூச்சு வாங்க வந்து உட்கார்ந்ததும் வைப்பார்கள். பின்தேர்வைக் காலையில், முதல் நாளே கேள்வியைக் காதில் போட்டுவிட்டு வைப்பார்கள். பிறகு பட்டை உயராமல் என்ன செய்யும்? படத்தை வாங்கிப் பார்க்கிறவர்களும் ஒரு காலத்தில் இப்படி வரைந்து அனுப்பியவர்கள்தான். யாரும் யாரையும் கேட்பதில்லை.

அந்த வருடம் எனக்கு உண்மையிலேயே ஒரு கேள்வி இருந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் இருக்கிற பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியை. எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். ‘குடம்’ என்று எழுதிக் காட்டினால் ‘கு’ என்பாள், நிறுத்துவாள், என் முகத்தைப் பார்ப்பாள். முகத்தைப் பார்த்து விடையை ஊகிப்பதில் படு கெட்டிக்காரி. அதனால்தான் எட்டாம் வகுப்பு வரை யார் கண்ணிலும் படாமல் வந்துவிட்டாள்.

அதே பெண் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் சிறுவர் பூசையின்போது மேடையேறி பைபிள் வாசகம் வாசிப்பாள். நானும் அந்தக் கோயில் பங்கைச் சேர்ந்தவள்தான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருக்கிறேன். ஒரு சொல் தடுக்காது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவாள். பெரியவர்களே தடுமாறுகிற யூதர் பெயர்களெல்லாம் அவள் வாயில் வழுக்கிக்கொண்டு ஓடும். என் வகுப்பில் வராத வாசிப்பு கோயிலில் எப்படி வருகிறது? பயமா, என் முறையா, பாடப்புத்தகத்தின் கோளாறா? ‘வகுப்பறையிலும் வெளியிலும் வாசிக்கக் கற்றல்’ என்று செயலாய்வுக்குத் தலைப்பு வைத்தேன். எவ்வளவு பெரிய ஆள் மாதிரி தலைப்பு வைத்தேன் என்று இப்போது நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

அவளுடைய வீட்டுக்குப் போனேன். அம்மா ஒரு பொம்மைப் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறவர். அப்பா மின்கம்பத்துக்கான பீங்கான் செய்கிற இடத்தில் லோடு ஏற்றுகிறவர், அப்போது வேலைக்குப் போயிருந்தார். கோயிலில் வாசிக்கிறாளே என்று நான் தொடங்கியதும் அம்மா பேச்சை மாற்றினார்.

“அது கெடக்குது டீச்சர். ஸ்கூல்ல எப்படிப் படிக்குது, அதச் சொல்லுங்க. அவரு ஒரே பேச்சா சொல்லிட்டாரு. அரையாண்டுக்குள்ள இதுக்குப் படிக்க வந்துதுன்னா ஒம்பதாவது போவட்டும், இல்லன்னா என்கூட பெயிண்ட் அடிக்க வந்துடட்டும்னு.”

“கோயில்ல வாசிக்கிறத அவரு கேட்டதில்லையா?”

“அதெல்லாம் கணக்குல சேராதாம். டீச்சர் வாயால சொல்லணுமாம்.”

ஏன் சேராது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

முன்தேர்வுக்கு ஒரு சின்னப் பத்தி எழுதினேன். ‘ஓர் ஊரில் ஒரு பெரிய குளம் இருந்தது’ என்று தொடங்கி ஒரு வாத்துக் குடும்பத்தைப் பற்றிப் போகும். அவள் ‘ஓ’ என்றாள், என் முகத்தைப் பார்த்தாள். தேறாத பிள்ளைகளுக்கு மணி அடிப்பதற்கு முன்னால் காலையில் தனி வகுப்பு எடுக்கத் தலைமையாசிரியர் சம்மதித்தார். தேறியவர்கள் விலகிக்கொள்ள வேண்டும், அடுத்த பிள்ளைகள் வருவார்கள்.

அந்தக் காலை வகுப்பில் அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மரம் வந்தது, படம் வந்தது. ஒருநாள் ‘குடம்’ என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எல்லாம் இன்னும் குழப்பம்தான். வருடக் கடைசி வரை விடாமல் நடத்தினால் கரையேற்றிவிடலாம் என்று உண்மையாகவே நம்பினேன்.

பின்தேர்வுக்கும் அதே பத்திதான் இருக்க வேண்டும் என்பது விதி. அப்போதுதான் ஒப்பிட முடியும். அவள் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். குளமும் வாத்தும் குஞ்சுகளும் தங்குதடையில்லாமல் வந்தன. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பத்தியை முடித்தாள், ஒரு நொடி நிறுத்தினாள், தாளைத் தாழ்த்தாமல், கோயிலில் வாசகம் முடிந்ததும் சொல்வதை அதே குரலில் சொன்னாள்:

“இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு.”

“இறைவா உமக்கு நன்றி” என்றேன் நான். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது, பூசையில் பதில் சொல்லி அத்தனை வருடப் பழக்கம். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என்ன நடந்துவிட்டது என்று எனக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு, தாளின் மேல்பாதியைக் கையால் மறைத்து, “இதுல இருந்து வாசி” என்றேன். அவள் உதட்டுக்குள்ளேயே ‘ஓர் ஊரில்’ என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் காட்டிய இடம் வந்ததாகத் தோன்றியதும் குரலை எழுப்பினாள். அது இரண்டு வரி தள்ளி இருந்தது.

மறுநாள் அம்மா பள்ளிக்கே வந்துவிட்டார். ஒளிக்க ஒன்றுமில்லை என்று ஆனபின் எல்லாவற்றையும் சொன்னார். பக்கத்து வீட்டில், கோயில் பாடகர் குழுவில் இருக்கிற அக்கா வாசகத்தைப் படித்து வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்புவாளாம். சனிக்கிழமை முழுவதும் அதைப் போட்டுப் போட்டுக் கேட்பார்களாம். ஒற்றை அறை வீடு. அப்பாவுக்கும் அது காதில் விழாமல் இருக்குமா? அதனால்தான் கோயில் வாசிப்பு அவர் கணக்கில் சேரவில்லை. வாத்துப் பத்தியும் முன்தேர்வு முடிந்த அன்றே பையில் வீட்டுக்குப் போய் அந்தப் போனுக்குள் ஏறியிருக்கிறது.

“தப்புன்னு தெரியல டீச்சர். எப்படியோ வந்தா சரின்னு நெனச்சேன். படிக்கத் தெரியும்னே எழுதிடுங்க. அவரு கூட்டத்துக்கு வராரு.”

என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. வாசிக்கத் தெரியாததை வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வதைத்தான் அந்தப் பிள்ளை வகுப்பறையிலும் வெளியிலும் இத்தனை வருடமாகக் கற்றிருக்கிறாள். அதில் அவளுக்கு நூற்றுக்கு நூறு போடலாம்.

தேறவில்லை என்று சொன்னால் அரையாண்டோடு படிப்பு நின்றுவிடும். தேறிவிட்டாள் என்றால் காலை வகுப்பு நின்றுவிடும், அவளுக்கு ஏதாவது வந்தது அங்கே மட்டும்தான். தேறினாலும் அவளை வைத்துக்கொள்கிறேன் என்று தலைமையாசிரியரிடம் கெஞ்சினேன். அவர் இளகினார். ஆனால் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

“தேறினவ எதுக்கு அங்க போறான்னு அவரு கேப்பாரு டீச்சர். வேண்டாங்க.”

அவளையே கேட்டேன். “தெரியும்னு சொல்லிடுங்க மிஸ். ஒம்பதாவதையும் கேட்டே படிச்சுக்கிறேன்” என்றாள், எனக்குத் தைரியம் சொல்கிறவள் போல.

பெற்றோர் கூட்டத்துக்கு அப்பா துவைத்த சட்டை போட்டு வந்திருந்தார். அவரைக் கொடுமைக்காரர் என்று நினைக்க வேண்டாம். எட்டு வருடம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய மனிதர், என்ன வந்தது என்று கேட்க வந்திருக்கிறார். “நெசமா வாசிக்குதுங்களா மிஸ்?” என்றார். “வாசிக்கிறா” என்றேன். அவர் கை கூப்பினார். இன்றைக்கு அவர் வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்வேன், வேறு எதைச் சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

என் செயலாய்வு மாவட்டக் கூட்டத்தில் பேசப்பட்டது. திரையில் பட்டைப் படத்தைப் போட்டார்கள். எல்லாவற்றிலும் உயர்ந்து நின்ற பட்டையைக் குச்சியால் தொட்டு, “இந்தப் பிள்ளைக்கு என்ன செஞ்சாங்களோ, அதை எல்லாப் பிள்ளைக்கும் செய்யுங்க” என்றார் பேசியவர். கை தட்டினார்கள். காதால் கேட்டு மனப்பாடம் செய்ததைப் பற்றி நான் எழுதியிருந்த பக்கத்தை, பக்கம் மிகுதி என்று அவர்கள் முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள்.

அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போனாள். அறிவியலையும் சமூக அறிவியலையும் பக்கத்து வீட்டு அக்கா போனில் படித்து அனுப்பினாளாம். பிறகு அந்த அக்கா கல்லூரிக்கென்று சிதம்பரம் போய்விட்டாள். காலாண்டு முடிந்ததும் இவளும் பள்ளியிலிருந்து நின்றுவிட்டதாக, மார்க்கெட்டில் பார்த்தபோது அம்மா சொன்னார். இப்போது அம்மாவும் மகளும் ஒரே பட்டறைக்குப் போகிறார்களாம்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். தாவணி போட்டு நன்றாக வளர்ந்துவிட்டிருந்தாள். புறப்படத் தயாராக நின்ற ஒரு பஸ்ஸுக்கு முன்னால், ஏறுகிறவர்களிடம் ஏதோ கேட்பதற்காக வாயெடுத்தவள் என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

“மிஸ், நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேன்மா. எங்க கெளம்பிட்ட?”

“மங்கலம்பேட்டைக்கு மிஸ். சித்தி வூட்டுக்கு.”

பிறகு எனக்காகவே தலையைத் தூக்கி பஸ்ஸின் போர்டைப் பார்த்தாள். உதடு அசைந்தது. அவசரமில்லாமல், கடைசி எழுத்து வரை போய் முடிக்கிறவள் போலப் பார்த்தாள்.

“மங்கலம்பேட்டைதான் மிஸ். போயிட்டு வரேன்” என்று படியில் கால் வைத்தாள்.

போர்டில் வேப்பூர் என்று எழுதியிருந்தது.