திரும்பி வரக் கூடாத பெட்டி

“பெற்றுக்கொள்பவர் மறுத்துவிட்டார்.”

கூரியர் கம்பெனியின் திரையில் இந்த வரி வந்தால் என் வேலை ஆரம்பம் என்று அர்த்தம். மதுரையிலிருந்து பட்டும் சுங்குடியும் ஆன்லைனில் விற்கிற கடை ஒன்றில், வெளிநாட்டு ரிட்டர்ன்ஸ் முழுவதும் என் பொறுப்பு. கடை என்றதும் கண்ணாடிக் கதவும் ஏசியும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சமயநல்லூரில் ஒரு குடோன், நாலு மேசை, டேப் தீர்ந்துபோனால் எழும் கூச்சல், அவ்வளவுதான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், ரிட்டர்ன்ஸ் என்றால் போன சாமானைத் திரும்ப வாங்கி வைப்பது என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் வந்தேன். அந்த நினைப்பை மாற்றிய பெட்டி ஒன்று உண்டு.

சீர்

திருமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கிற வீரணன் என்பவர் அனுப்பிய பெட்டி அது. இங்கிலாந்தில் பர்மிங்காமில் இருக்கும் தங்கை ஈஸ்வரியின் மகள் கயலுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீராகப் பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை சட்டை, தங்கைக்குப் பட்டுச்சேலை, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எல்லாம் எங்கள் சைட்டில் பார்த்துப் பார்த்து எடுத்திருந்தார். பெட்டி கடல் தாண்டி வீட்டு வாசல் வரைக்கும் ஒழுங்காகப் போய்விட்டது. வாசலில் ஈஸ்வரி வேண்டாம் என்றுவிட்டார்.

இப்படி மறுத்த பெட்டிக்குக் கூரியரில் இரண்டே வழிதான் கொடுப்பார்கள். ஒன்று, இந்தியாவுக்கே திருப்பி அனுப்புவது. இன்னொன்று, அங்கேயே அழித்துவிடுவது. இரண்டில் எது என்று கெடுவுக்குள் சொல்லியாக வேண்டும். வீரணனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, நீங்க அனுப்புன பெட்டிய அங்க வாங்க மாட்டேன்னுட்டாங்களாம். திருப்பி வரவழைச்சிரவா?”

போனில் அவருக்குப் பின்னால் யாரோ யூரியா மூட்டை கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவ வாயால சொன்னாளா தாயி?”

“அப்படித்தான் போட்டிருக்காங்கண்ணே.”

“சரி” என்று வைத்துவிட்டார். மறுநாள் காலையில் குடோன் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு ஆளே உள்ளே வந்தார். பணத்தைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போடப்போகிறார் என்று நினைத்து முகத்தைக் கொஞ்சம் இறுக்கமாக வைத்துக்கொண்டேன். இந்த வேலையில் அது தானாகவே வந்துவிடும்.

“திருப்பி மட்டும் வரவழைச்சிராதீக” என்றார். “குடுத்த சீரு குடுத்த வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாது. வந்தா அந்த உறவு அத்துப்போச்சுன்னு அர்த்தம்.”

“அப்ப அங்கயே அழிச்சிரச் சொல்லவாண்ணே?”

“பிள்ளைக்கு எடுத்த துணிய எரிக்கவா சொல்றீக?”

“இந்த ரெண்டு வழிதாண்ணே இருக்கு.”

“மூணாவதா ஒண்ணு கண்டுபிடிங்க. அதுக்குத்தான சம்பளம் குடுக்காக.”

என் சம்பளம் என்னவென்று தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். ஏதாவது பதில் சொல்லலாம் என்று நிமிர்ந்தால், மனுஷன் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அவராகவே சொன்னார்.

“எங்கய்யா செத்தப்ப அவ ஏரோப்பிளேன்ல வந்துக்கிட்டு இருந்தா. வழியில ஏதோ லேட்டாயிருச்சு. இங்க ஊர்ப் பெரியாளுக பொழுது சாயுறதுக்குள்ள எடுத்துரணும்னு ஒரே பிடியா நின்னாக. நானும் தலையாட்டிட்டேன். தலை முழுகிட்டு ஈர வேட்டியோட நிக்கிறேன், அவ கார்ல வந்து எறங்குறா. ‘ஒரு ராத்திரி வச்சிருக்க முடியலையாண்ணே’ன்னு கேட்டா. அம்புட்டுத்தான். அன்னைக்கோட பேச்சு நின்னு போச்சு. இந்தக் காதுகுத்துகூட சித்தப்பா மக சொல்லித்தான் தெரியும். அட்ரஸும் அவதான் குடுத்தா.”

“நீங்களே ஒரு போன் போட்டுப் பாருங்களேண்ணே.”

“போட்டு, அவ எடுக்கலேன்னா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. என் பிள்ளைகளுக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்ள மாமன் இல்லாமல், தூரத்து உறவில் ஒருத்தரைப் பிடித்து உட்கார வைத்தோம். அவர் நல்ல மனுஷர்தான். ஆனாலும் பந்தி முடிகிற வரைக்கும் என் கண் அவரைப் பார்க்கவில்லை, அங்கே இல்லாத ஒருத்தனைத்தான் தேடிக்கொண்டிருந்தது. இங்கே ஒரு அண்ணன் சீரோடு நிற்கிறார். அதை வாங்க ஒரு தங்கைக்கு மனசு வரவில்லை. நான் ஏங்கிக் கிடந்த ஒன்றை இவர்கள் இரண்டு பேரும் வீணாக்குகிறார்களே என்று ஆத்திரமாக வந்தது.

டியூட்டி

ஆர்டர் போட்டவரிடம் மட்டும்தான் நாங்கள் பேச வேண்டும். வாங்குகிறவரைக் கூப்பிடக் கூடாது. அதைப் பார்த்தால் கதை ஆகாது. அங்கே காலை ஆகிற நேரம் பார்த்து, நம் ஊர் மத்தியானத்தில் கூப்பிட்டேன்.

“அதத்தான் வேணாம்னு சொல்லிட்டேனே” என்றார் ஈஸ்வரி.

“எதுனாலன்னு தெரிஞ்சுக்கலாமாங்க? சேலை கலர் பிடிக்கலையா?”

“பெட்டியவே பிரிக்கல, கலரை எங்கிட்டுப் பாக்குறது?” வெடுக்கென்று சொன்னவர், அடுத்த நொடியே பொங்கிவிட்டார். “இம்புட்டு நாள் கழிச்சு அண்ணே சீர் அனுப்பிருக்குன்னு சமையல அப்படியே போட்டுட்டு ஓடுனேன்க்கா. அந்தாளு ஒரு மிஷின நீட்டி, பணம் கட்டுனாத்தான் பெட்டியத் தருவேங்கிறான். தாய்மாமன் சீரை எந்த ஊர்லக்கா காசு குடுத்து வாங்குவாக? என்னைய அவமானப்படுத்தத்தான் இப்படி அனுப்பிருக்குன்னு நெனச்சேன். எடுத்துட்டுப் போயிருன்னுட்டேன்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெளிநாட்டுக்குப் போகிற பெட்டிக்கு அந்த நாட்டுக் கஸ்டம்ஸ் டியூட்டி உண்டு. அதை அனுப்புகிறவர் கட்டுவதா, வாங்குகிறவர் கட்டுவதா என்று எங்கள் சைட்டில் கடைசிப் பக்கத்தில் ஒரு டிக் போடும் கட்டம் இருக்கிறது. ஒன்றும் தொடாமல் விட்டால் வாங்குகிறவர் தலையில் விழும். தனக்குத்தானே சேலை வாங்குகிற ஆளுக்கு அது பெரிய விஷயமில்லை. சீர் அனுப்புகிறவருக்கு? பொடி எழுத்தில் இங்கிலீஷில் இருந்த அந்த டிக்கை வீரணன் கண்டிருக்கவே மாட்டார்.

எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன்.

“அப்ப அண்ணனுக்கு இது தெரியாதா?”

“சத்தியமாத் தெரியாதுங்க. பெட்டியத் திருப்பியும் வாங்க மாட்டேன், எரிக்கவும் விடமாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்காரு.”

ஈஸ்வரி சிரித்தார். பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது. “அது அப்படித்தான்” என்றார்.

“ஒரு வார்த்தை பேசிருங்களேன். நம்பர் தரவா?”

“நம்பர் இருக்குக்கா. அது கூப்பிடட்டும்.”

அண்ணனுக்கு அவள் எடுக்க மாட்டாளோ என்று பயம். தங்கைக்கு அவர்தான் கூப்பிட வேண்டும் என்று வீம்பு. நடுவில் நான், ரிட்டர்ன்ஸ் மேசை.

டியூட்டியைக் கடையே கட்டி, பெட்டியை மறுபடி கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லலாம் என்று முதலாளியிடம் போய் நின்றேன். வீட்டு ஆள் யாரோடோ சௌராஷ்டிர பாஷையில் போன் பேசிக்கொண்டிருந்தவர், முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, நாம கடை நடத்துறோமா, பஞ்சாயத்து நடத்துறோமா?”

“டிக்கு நம்ம சைட்லதான சார் இருக்கு? அண்ணந் தங்கச்சிய மூட்டிவிட்டது நாமதான்.”

முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார். பிறகு அந்தப் பக்கத்தையே தமிழில் கொட்டை எழுத்தில் மாற்றச் சொன்னார்.

அளவு

நடந்ததை எல்லாம் வீரணனிடம் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு தினமும் போன் வந்தது. பெட்டி எங்க தாயி இருக்கு, வண்டியில ஏத்திட்டானா, மழை கிழை பெய்யுதா. அவர் கேட்ட கேள்விகளுக்கு எங்கள் டிராக்கிங்கிலேயே பதில் கிடையாது. பெட்டி போய்ச் சேர்ந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டார்கள் என்று சொன்ன அன்றைக்கு வெகுநேரம் லைனிலேயே இருந்தார்.

“வேற எதுவும் சொன்னாளா?”

“இல்லண்ணே. நீங்க ஒரு போன்...”

“இருக்கட்டும், இருக்கட்டும்.”

ரெண்டு நாள் கழித்து ஈஸ்வரி என்னைக் கூப்பிட்டார். குரலில் பழைய வெடுக்கு இல்லை.

“அக்கா, சேலை அம்புட்டு அழகு. ஆனா பாவாடை கயலுக்கு இடுப்புலயே ஏறல. அவளுக்கு அஞ்சு வயசு முடியப்போகுது. எங்கய்யா செத்தப்ப பாத்தது, எங்க அண்ணன் மனசுல அவ இன்னும் ரெண்டு வயசுப் பிள்ளையாவே இருக்கா போல. காதுகுத்துக்கு இன்னும் நாள் இருக்கு. வேற சைஸ் அனுப்ப முடியுமா? அளவு சொல்றேன், எழுதிக்கங்க.”

அளவு மாற்றிக் கொடுப்பது எனக்குத் தினப்படி வேலை. பேனா கையில்தான் இருந்தது. நான் மூடி போட்டுக் கீழே வைத்துவிட்டேன்.

“என்கிட்ட சொல்லாதீங்க” என்றேன். “ஆர்டர் போட்டவர்தான் புது அளவைச் சொல்லணும். எங்க கடை ரூல் அது.”

அப்படி ஒரு ரூல் எங்கள் கடையில் கிடையாது. பக்கத்து மேசையில் இருந்த முதலாளி திரும்பிப் பார்த்தார். நான் அவர் பக்கம் பார்க்கவே இல்லை.

“அப்ப அண்ணன்கிட்டதான் சொல்லணுமா?” என்றார் ஈஸ்வரி.

“ஆமாங்க. சீக்கிரம் சொன்னாத்தான் தைச்சு அனுப்ப முடியும்.”

ரிட்டர்ன்ஸில் இத்தனை வருஷம் இருந்து நான் கற்றுக்கொண்டது, வாடிக்கையாளர் கேட்டதை எல்லாம் உடனே செய்து முடித்துவிடக் கூடாது என்பதுதான். சிலரை நாம் கொஞ்சம் அலைய விட வேண்டும். அவர்கள் போக வேண்டிய இடம் வேறாக இருக்கும். இதை முதலாளி காதுபட நான் சொல்வதில்லை.

அன்று சாயங்காலம் நான் பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரத்தில் வீரணன் கூப்பிட்டார். குரலில் ஆளே வேறு மாதிரி இருந்தார்.

“பாவாடைக்கு அளவு எழுதிக்கங்க தாயி” என்று இடுப்பளவைச் சொன்னார். உயரத்தைச் சொன்னதும் அவருக்கே ஆச்சரியம். “நின்னா என் இடுப்புக்கு மேல வருவா போலருக்கே. இம்புட்டு வளந்துட்டாளா?”

“அளவு யாருண்ணே சொன்னா?” தெரியாத மாதிரி கேட்டேன்.

“ஈஸ்வரிதான். ஒரு பாவாடை அளவு, ரெண்டே ரெண்டு நம்பர். ஒரு மணி நேரமாச் சொன்னா தாயி.”

எனக்கு அளவு சரியாகத்தான் காதில் விழுந்திருந்தது. இருந்தாலும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.