நூற்றைம்பது பேருக்கான சமையல்

மனைவிக்குத் தொலைபேசியில் விசாரணை என்று கடிதம் வந்தபோது இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. வேலை செய்ய இயலாதவர்களுக்கான கொடுப்பனவை அவளுக்கு ஒருமுறை மறுத்துவிட்டார்கள். மேன்முறையீட்டிலும் மறுத்தால், அறுபத்தொரு வயதில், தூக்க முடியாத வலது தோளோடு, அவள் மறுபடியும் வேலை தேட வேண்டும்.

கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். பிறகு அவள் செய்வதையெல்லாம் எண்ணத் தொடங்கினேன். ஒரு வெங்காயம் வெட்டி முடிக்க மூன்று தரம் கத்தியைக் கை மாற்றுகிறாள். மேல்தட்டுக் கோப்பைகளுக்காக நாளைக்கு ஏழு தரம் என்னைக் கூப்பிடுகிறாள். எல்லிங்ஸ்ருட் ரயில் நிலையத்திலிருந்து வீடு வருவதற்குள் பையை ஐந்து இடத்தில் இறக்கி வைக்கிறாள். விசாரணையில் சொல்ல எல்லாவற்றையும் எழுதினேன்.

"பாட்ஸ்பியோர்ட்டிலை மீன் வெட்டேக்கை மேற்பார்வைக்காரன் பின்னாலை நிண்டு எண்ணினவன். இப்ப நீங்கள்," என்றாள். "அவனெண்டாலும் சம்பளம் தந்தவன்."

நோர்வேயின் வடக்குக் கோடியில் இருக்கும் அந்த ஊர் மீன் தொழிற்சாலையில் பதினொரு வருடம் வேலை செய்தாள். பிறகு ஒஸ்லோவில் பதினெட்டு வருடம் துப்புரவு வேலை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து மறுப்புக் கடிதத்தை மறுபடி பார்த்தாள். விண்ணப்பதாரர் ஆண்டுதோறும் நூற்றைம்பது பேருக்குச் சமைக்கிறார் என்று அதில் ஒரு வரி இருந்தது. யார் சொன்னது என்று கேட்டோம். வேறு யார், இவள்தான். வீட்டுக்கு வெளியே என்ன செய்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டிருக்கிறார்.

தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டியன்று இவள் சமையலறையில் கதிரையில் உட்கார்ந்திருப்பாள். பானை தூக்குவதும் கிண்டுவதும் மற்றப் பெண்கள். இவள் அளவு சொல்வாள், உப்புப் பார்ப்பாள். ஆனால் எங்கள் ஆட்களிடம் அளவு சொன்னவரின் சமையல்தான் அது. கிண்டியவர்களே அப்படித்தான் சொல்வார்கள். ஒலிபெருக்கியில் நன்றி சொல்லும்போதும் இவள் பெயர்தான் வரும்.

மகள் விசாரிப்பவராக நடித்துக் கேட்டாள். மூன்று தரமும், "ஓம், நான்தான் சமைக்கிறனான்" என்று இவள் சொன்னாள். கதிரையில் இருப்பதைச் சொல்லச் சொன்னேன்.

"சும்மா குந்தியிருக்கிறவள் எண்டு என்ரை வாயாலை சொல்லச் சொல்லுறியளோ?"

அதற்குப் பிறகு ஒத்திகைக்கு வரவில்லை. இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

விசாரணையன்று காலை தொலைபேசியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தோம். நான் பக்கத்தில் இருக்கலாம், பேசக்கூடாது என்றார்கள். ஐம்பத்துநான்கு கணக்கு எழுதிய தாள் என் கையில் இருந்தது. வெங்காயத்தைப் பற்றியோ பையைப் பற்றியோ ஒருவரும் கேட்கவில்லை. முப்பத்தோராவது நிமிடத்தில் சமையலைக் கேட்டார்கள். மொழிபெயர்த்த பெண் தமிழ்நாட்டுக்காரி. "நூத்தம்பது பேருக்கும் நீங்கதான் சமைக்கிறீங்களாம்மா?" என்றாள்.

மனைவி தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நான் கதிரையிலை இருக்கிறனான்," என்றாள். "பானை தூக்கேலாது. அகப்பையும் பிடிக்கேலாது. உப்புப் பாத்துச் சொல்லுவன். மரியாதைக்கு என்ரை பேரைச் சொல்லுவினம், அவ்வளவுதான்."

அந்தப் பெண் அதை நொர்வேஜிய மொழியில் சொன்னாள்.

விசாரணை முடிந்து ஆறாவது வாரத்தில் முடிவுக் கடிதம் வந்தது. கொடுப்பனவு கிடைத்துவிட்டது. மகள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வரும்போது இவள் மறித்தாள்.

"நான் கதிரையிலை இருக்கிறதும் எழுதியிருக்கோ?"

எழுதியிருந்தது, மூன்று வரி.

"பள்ளிக்கூடத்து ஆக்களுக்கு இதை அனுப்ப மாட்டினம்தானே?"

மாட்டார்கள் என்று மகள் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அடுத்த பக்கத்தை வாசிக்க விட்டாள்.