லயத்தில் எடை போட்ட அரிசி

பாலக்காட்டில் அத்தாவுக்கு அரிசிக் கடை. அரிசியைப் பார்த்தே அடையாளம் சொல்வது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வரும். அந்தப் பழக்கம் மட்டும் இல்லாதிருந்தால், கம்பம்மெட்டுப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டம் ஒன்றின் லயத்தை நான் எப்போதோ மறந்திருப்பேன்.

உணவியல் படித்து முடித்ததும் கிடைத்த முதல் வேலை அது. தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க அரசு ஒரு குழு போட்டிருந்தது. இருக்கிற கூலியிலேயே வயிறாரச் சாப்பிடுகிறார்கள் என்றார்கள் முதலாளிகள். இல்லை என்றது சங்கம். அடுப்பில் ஏறுமுன் சமையல் பொருளை எடை போட்டுப் பார்த்துவிட்டு வா என்று குழுவினர் என்னை அனுப்பினார்கள். கைத்தராசு, எடைக்கற்கள், பென்சில், ஒரு கம்பளி. வேறெதுவும் கொண்டுபோகவில்லை.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டிருக்கும் அறைகளின் வரிசை. ஒவ்வொன்றுக்கும் முன்வாசல், பின்வாசல். விடியற்காலை மூடுபனியில் போய் நின்றேன். முதல் வீட்டில் முறம் நிறைய அரிசி. சிவப்பும் வெள்ளையும் கலந்தது, நடுவே உடைந்த உளுந்து. இரண்டாம் வீட்டிலும் நிறைய இருந்தது. மூன்றாம் வீட்டில் முறத்தைக் கிளறியபடி நின்றுவிட்டேன்.

அந்த வீட்டுக்காரி, காய் பறிக்கிறவள், சிரித்தாள். "என்ன தாயி, எங்க அரிசிக்கு மாப்பிள்ளை பாக்க வந்தியா? இம்புட்டு நேரமா மொகத்தையே பாக்குற?"

"இந்த மொகத்தை முதல் வீட்டிலும் பார்த்தேனே அக்கா" என்றேன்.

அவளோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் சட்டென்று நிறுத்தினார்கள்.

எல்லா வீட்டிலும் இருந்ததைத் திரட்டிய ஒரே அரிசி. நான் எழுதி முடிப்பதற்குள் பின்வாசல் வழியாக அடுத்த வீட்டுக்குப் போய்விடும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வந்தவள் முன்னால் வெறும் முறத்தை எப்படி நீட்டுவது?

"இந்த எடையை வைத்துத்தான் கூலி போடுவார்கள். இப்படியே எழுதினால் ஏறாது" என்றேன் அவளிடம்.

"ஏறாட்டிப் போகுது. கம்பத்துல எங்க அண்ணன் வீடு இருக்கு. ஒண்ணுமில்லாதவளுன்னு எழுதி வச்சா அங்க நான் எந்த மொகத்தோட போவேன்?"

பேர் எழுத மாட்டேன் என்றேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அன்று அந்தி சாயும்போது அவளுடைய மகளைப் பார்த்தேன். லயத்தின் சுவரைத் தடவிக்கொண்டே நடந்து வந்தாள். வாசலில் கிடந்த கூடையில் இடித்துக்கொண்டாள்.

"இருட்டினா இப்படித்தான் வெளையாடுவா, கழுதை" என்றாள் தாய்.

முகத்துக்கு நேரே கையை ஆட்டினேன். கண் அசையவில்லை. மாலைக்கண். பாடத்தில் படித்திருந்தேன். பால், கீரை, நெய், முட்டை என்று தாயிடம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், வேறு யார் வீட்டுச் சங்கதியையோ கேட்பதுபோல. சொல்லி முடித்த பிறகுதான் என் வாய் எனக்கே கூசியது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மீனெண்ணெய் ஒரே பாட்டில் இருந்தது. அதை வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் விடியலில் அவள் பின்வாசலைத் தாழிட்டுவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டாள். இரண்டு மரவள்ளிக் கிழங்கு, நான்கு மிளகாய், ஒரு கை அரிசி.

"எழுதிக்க. கெழங்கை மொதல்ல எழுது."

அரிசியை வைத்தபோது தராசுத் தட்டு அசைந்ததா என்றே தெரியவில்லை. அதன்பின் மற்ற வீடுகளிலும் ஒவ்வொன்றாகப் பின்வாசல் சாத்தும் ஓசை கேட்டது. இன்றும் எங்கள் கடையில் கதவு சாத்தினால் என் கை நின்றுவிடுகிறது.

கூலி உயர்ந்தது, ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து. கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்தை மலைமேல் அரிசி விலை துரத்திக்கொண்டே வந்தது. ஆனாலும் உயர்த்தியே தீர வேண்டியிருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தத் தட்டைப் பார்த்தவள் நான்.

உயர்ந்தபின் ஒருமுறை அங்கே போனேன். அவள் முறத்தில் அரிசியோடு ஓடி வந்தாள். ஒரே நிற அரிசி, உளுந்து இல்லை.

"நல்லாப் பாரு தாயி. பின்வாசல் தாப்பாப் போட்டுத்தான் இருக்கு. இது எங்க அரிசி."

பிறகு மகளைக் கூப்பிட்டாள், எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி. அப்போது உச்சிவெயில். மூடுபனி துளிகூட இல்லை. சொம்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் சுவரைத் தடவியபடி அந்தப் பெண் வெளியே வந்தாள்.