இடப்பக்கத்து இருக்கை

என் மனைவி இறந்து சில மாதங்கள் கழித்து, காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள், “இந்தப் பக்கம் ஏசி காத்தே வரலீங்கப்பா” என்றாள். பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். எல்லாம் தெரிந்தவன்போல, “காஸ் போயிருக்கும்” என்றேன்.

அவர் காஸைச் சோதித்தார். இடப்பக்கத் துவாரத்துக்குள் குறடை விட்டு எதையோ இழுத்தார். சுருட்டி அடைத்திருந்த பனியன் வேஸ்ட் துணி வந்தது. எங்கள் வீட்டில் அடுப்பு துடைக்கும் அதே பச்சைத் துணி.

“காஸெல்லாம் சரியா இருக்குதுங்க. இதை மூடற லீவர் ஒடஞ்சிருக்குது. குளிர் தாங்காம யாரோ துணிய அடைச்சிருக்காங்க.”

புற்றுநோய் சிகிச்சைக்கு மனைவியைக் கோவைக்குக் கூட்டிப்போன நாட்களில், எனக்கு வேர்க்கிறதென்று ஏசியை முழுதாக வைப்பேன். ரோட்டைப் பார்த்தபடியே, “குளிருதா?” என்று கேட்பேன்.

“இல்லீங்க. நீங்க பாத்து ஓட்டுங்க” என்பாள்.

“இப்ப உக்காந்து பாருங்க” என்றார் மெக்கானிக்.

உட்கார்ந்தேன். குளிர் நேராக நெஞ்சில் அடித்தது. கார் வாங்கியதிலிருந்து நான் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை.