சொந்த ஊர் என்றொரு கட்டம்

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி நாற்பது நிமிடம். நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம், மகள் மூன்று மணிக்குத் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் போயிருந்ததுதான். மூன்றிலிருந்து நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்திருப்பவர் தெருவைக் கடந்து வந்து வாசலில் நின்றார்.

"சார், போன் வந்துச்சு. போலீஸ் ஸ்டேசன்லருந்து. ஒங்க பொண்ணு அங்க இருக்காம். ரேசன் கார்ட எடுத்துக்கிட்டு வரச் சொன்னாக."

"அடிகிடி பட்டிருச்சா?"

"அதெல்லாம் சொல்லல. கார்டு மட்டுந்தான் சொன்னாக."

அடிபட்டிருந்தால் தேவலை என்று ஒரு கணம் நினைத்தேன். தகப்பன் நினைக்கக் கூடாததுதான். ஆனால் அடிபட்ட பெண்ணுக்கு யாரும் ரேஷன் கார்டு கேட்க மாட்டார்கள்.

என் மனைவி இரும்புப் பெட்டியைத் திறந்தாள். ரேஷன் கார்டு, மகளின் பிறப்புச் சான்றிதழ், நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து அடையாள அட்டை. அதற்கும் அடியில் துணியில் சுற்றியிருந்த பழைய பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இதையும் எடுத்துக்கிருவோம். ஆனா அவுக கேக்குற வரைக்கும் நீங்களா வெளிய எடுக்காதீக."

அப்போது ஒன்றரை வருடமாக நாங்கள் பதினோரு பேர் ஒரு விளையாட்டில் இருந்தோம். அதைத் தொடங்கியவர் கோட்டையூரில் பெரிய வீட்டுக்காரர். அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, பினாங்கில் கடை வைத்திருந்தவர், அதனால் எங்களுக்குள் அவர் பினாங்குக்காரர். இங்கிலாந்தில் படித்த காலத்தில் கற்றுக்கொண்ட விளையாட்டு என்றார். ஒருவர் ஒரு சின்ன மரப்பெட்டியை ஊருக்கு வெளியே எங்காவது ஒளித்து வைப்பார். மற்ற பத்துப் பேருக்கும் தபால் கார்டில் குறிப்பு வரும். "ஏரோட்ரோம் மேற்குக் கோடி. ஒற்றைப் பனை. அங்கிருந்து வடகிழக்கே எண்பது தப்படி. கல்லுக்கு அடியில்." திசைகாட்டியும் கார்டும் வைத்துக்கொண்டு, அவரவருக்கு வசதிப்பட்ட ஞாயிறு போய்த் தேட வேண்டும். கிடைத்ததும் உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதி, அழிரப்பரில் செதுக்கிய நம் முத்திரையைக் குத்த வேண்டும். பெட்டியிலிருந்து ஒரு சின்னப் பொருளை எடுத்துக்கொண்டு பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். மாதக் கடைசியில் எல்லோரும் ஒரு டீக்கடையில் கூடி, யார் எங்கே வழி தவறினார் என்று சிரிப்போம்.

ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. வெளியாள் யாருக்கும் பெட்டியைப் பற்றித் தெரியக் கூடாது. யாராவது கேட்டால் மாட்டைத் தேடுகிறோம் என்று சொல்லிவிட வேண்டும்.

பெட்டிகளைச் செய்து தந்தவர் எங்களில் ஒருவரான தச்சர். இடித்துப் பிரிக்கும் வீடுகளில் மிஞ்சும் பர்மாத் தேக்குத் துண்டுகளில் இழைத்துத் தருவார். "சார், நீங்க மாடு தேடுறேன்னா எவன் நம்புவான்?" என்று என்னைக் கேலி செய்வார். "கைல ஒரு கயிறாச்சும் வேணாமா? கண்ணாடி போட்டுக்கிட்டு, கார்டப் படிச்சுக்கிட்டு, காலடிய எண்ணிக்கிட்டு மாடு தேடுற ஆள இந்தச் சீமைல நா பாத்ததில்ல."

நோட்டில் நாலு கட்டம் போட்டிருப்போம். தேதி, பெயர், முத்திரை, சொந்த ஊர்.

எங்கள் பக்கம் சொந்த ஊர் என்றால் குடியிருக்கும் ஊர் இல்லை. தகப்பன் வழி ஊர். எங்கே பிறந்தாலும் அதைத்தான் சொல்வது வழக்கம். முதல் நோட்டில் பினாங்குக்காரர் அந்தக் கட்டத்தில் விளையாட்டாகப் பினாங்கு என்று எழுதினார். அடுத்து வந்த வங்கி குமாஸ்தாவின் தாத்தா ரங்கூனில் கணக்கு எழுதியவர், அவர் ரங்கூன் என்று எழுதினார். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி மலாக்கா. அப்புறம் அதுவே எழுதாத விதியாகிவிட்டது. தச்சர் மட்டும் காரைக்குடி என்று எழுதினார். "எங்க ஆளுக கப்பல் ஏறல சார். கப்பல்ல வந்த தேக்கத்தான் இழைச்சாக."

என் மகளின் முறை வந்தபோது, தான் செதுக்கிய மலை முத்திரையைக் குத்திவிட்டு, பேனாவை வைத்துக்கொண்டு கேட்டாள். "அப்பா, நா என்ன எழுத?"

நான் தலவாக்கலையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவன். இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், பத்தொன்பது வயதில் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கினேன். எங்கள் ஆட்கள் எந்த ஊரிலிருந்து மலைக்குப் போனார்கள் என்று கேட்டால் என் அப்பா "கண்டரமாணிக்கம் பக்கம்" என்று சொல்வார். காரைக்குடிக்குப் பக்கம்தான், ஆனால் அந்த ஊரில் யாருக்கும் எங்களைத் தெரியவில்லை. காரைக்குடியில் இருபது வருடமாக நான் எங்கே பிறந்தேன் என்று கேட்டாலொழிய சொன்னதில்லை. வாரீக, போறீக என்று பேசப் பழகிக்கொண்டேன். அந்தக் குண்டு வெடித்த தொண்ணூற்றொன்று மே மாதத்துக்குப் பிறகு கேட்டாலும் சொல்வதில்லை. அந்த வருடம் வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போனோம். வீட்டுக்காரர் என் பேச்சில் எதையோ பிடித்து, "சிலோனா?" என்றார். பிறகு, வீட்டைத் தங்கைக்கு விடப்போவதாகச் சொல்லிவிட்டார்.

கண்டரமாணிக்கம் என்று எழுது என மகளிடம் சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த நோட்டில் பினாங்கும் ரங்கூனும் வரிசையாக இருந்தன. "தலவாக்கலைன்னு எழுது" என்றேன். அன்று டீக்கடையில் பினாங்குக்காரர் நோட்டைப் பார்த்துக் கை தட்டினார். "அட, நம்ம கூட்டத்துல சிலோனும் சேந்துருச்சே." அந்தப் பெயரை ஒருவர் சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றிரவு வெகுநேரம் மனைவியிடம் தோட்டத்துக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வழக்கமாக வங்கி குமாஸ்தாவின் மனைவியும் மகளோடு தேடப் போவார். அந்த ஞாயிறு அவர்கள் வீட்டில் ஒரு கல்யாணம். பகல்தானே, பழகிய இடம்தானே என்று மாதா கோயில் பூசை முடிந்து சைக்கிளில் தனியாகப் போக விட்டேன். பழைய ஏரோட்ரோம் ஓடுதளத்தின் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், சுடிதார் போட்ட ஒரு பெண் தட்டையான கருவியைப் பார்த்துப் பார்த்து எண்ணிக்கொண்டு நடப்பதைக் கவனித்திருக்கிறார். கேட்டிருக்கிறார். மாட்டைத் தேடுவதாகச் சொல்லியிருக்கிறாள். என்ன நிறம் என்று கேட்டதற்கு வெள்ளை என்றிருக்கிறாள். அந்தப் பக்கத்து மாடு அத்தனையும் அவருக்குத் தெரியும். ரோட்டில் வந்த போலீஸ்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

எந்தக் காவல் நிலையம் என்று நான் எழுதப் போவதில்லை. நாங்கள் போனபோது மகள் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முத்திரை மை ஊதாவாக விரலெல்லாம் அப்பியிருக்க, நகத்தால் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள்.

மேசையில் எங்கள் பெட்டி ஈரமாக இருந்தது. வெடிக்கும் சாமானாக இருக்குமோ என்று முதலில் வாளித் தண்ணீரில் முக்கியிருக்கிறார்கள். செய்தித்தாளின் மேல் உள்ளே இருந்தவற்றைப் பரப்பியிருந்தார்கள். ஒரு சோழி, சட்டைப் பொத்தான், பர்மாவிலிருந்து வந்த சிமிழின் மூடி, பழைய இலங்கைத் தபால்தலை ஒன்று. தபால்தலை என்னுடையது. மகள் கேட்டாளென்று நான்தான் கொடுத்திருந்தேன்.

சப்-இன்ஸ்பெக்டர் சின்ன வயதுக்காரர். குரலை உயர்த்தவே இல்லை. நோட்டை விரித்து என் பக்கம் திருப்பினார்.

"இந்த மலை எந்த இயக்கத்துச் சின்னம் சார்?"

"முத்திரை சார். விளையாட்டுக்கு. அழிரப்பர்ல செதுக்குனது."

"சரி. பினாங்கு, ரங்கூன், மலாக்கா. இத்தனை வெளிநாட்டுக்காரங்க காரைக்குடியில என்ன பண்றாங்க?"

நான் விளையாட்டை விளக்கினேன். தபால் கார்டை விளக்கினேன். நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றும் இன்னும் மோசமாக ஒலித்தது. ஒளித்து வைப்பது, குறிப்பு அனுப்புவது, வெளியாளிடம் பொய் சொல்வது. இங்குட்டு, அங்குட்டு என்று வார்த்தைக்கு வார்த்தை வேண்டுமென்றே சேர்த்துப் பேசினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "பெரிய வீட்டு ஆளுங்க பினாங்குன்னு எழுதுனா புரியுது. அவங்க வீட்டுத் தேக்குத் தூணைப் பாத்தாலே தெரியும். தலவாக்கலை எங்க இருக்கு?"

"இலங்கைல சார். மலைநாடு."

"நீங்க அங்க பொறந்தவரா?"

"ஆமா சார்."

"பொண்ணு?"

"இங்குட்டுத்தான். இதே ஊர்ல."

"அப்ப ஏன் அந்த ஊரை எழுதணும்?"

மனைவிதான் பேசினாள். "நா சாக்கோட்டை சார். எங்க ஆளுக பூராம் அங்குட்டுத்தான் இருக்காக. நாந்தான அவளுக்கு அம்மா?"

"அம்மா ஊரக் கேக்கலம்மா. சொந்த ஊரக் கேக்குறேன்."

பாஸ்போர்ட்டைக் கேட்டார். கொடுத்தேன். பத்தொன்பது வயது முகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது முடிஞ்சு பல வருசமாச்சே."

"வந்து சேர்றதுக்குக் குடுத்தது சார். வந்து சேந்தாச்சு."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டை நோட்டின் மேல் வைத்தார். "நீங்க சொல்றது நிஜமாவே இருக்கலாம். ஆனா பெட்டி கிடைச்ச எடம் அப்படி. இந்த ஊர்ல தெரிஞ்ச ஆள் யாராச்சும் வந்து பொறுப்பா எழுதிக் குடுக்கட்டும். ஏழு மணி வரைக்கும் பாக்குறேன். இல்லேன்னா மேல அனுப்பணும். அப்புறம் பொண்ணு பேரு சிலோன்காரங்க லிஸ்ட்ல ஏறும். அது என் கைல இல்ல. மாசாமாசம் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். காலேஜுக்கும் எழுதிக் கேப்பாங்க."

பக்கத்துக் கடையிலிருந்து போன் செய்தேன். வங்கி குமாஸ்தா கல்யாண வீட்டிலிருந்து திரும்பியிருந்தார். நான் சொல்லி முடிக்கும் முன்னே, "அந்த நோட்டுல என் பேரும் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். "அத மட்டும் அடிச்சுற முடியுமா சார்? புரமோசன் நேரம்." மருந்துக் கம்பெனிக்காரர் மதுரைக்குப் போயிருப்பதாக அவர் மனைவி சொன்னார். பின்னால் அவர் குரல், "யாரு?" என்று கேட்டது. கோட்டையூர் வீட்டில் சமையல்காரம்மா எடுத்தார். முதலாளி தூங்குகிறார், எழுந்ததும் சொல்கிறேன் என்றார். எழுப்ப முடியாதா என்றேன். எழுப்பினால் வைவார்கள் என்றார்.

தச்சருக்குப் போன் கிடையாது. அவர் பட்டறைக்குப் பக்கத்து மளிகைக் கடைக்குச் சொல்லி அனுப்பினேன். ஆறு மணிக்கு சைக்கிளில் வந்தார், தலையெல்லாம் மரத்தூளோடு. வந்ததும் நேரே மேசைக்குப் போனார்.

"பெட்டி நா செஞ்சதுங்க. மூலைல பாருங்க, என் உளிக் குறி இருக்கும். கேக்குறதா இருந்தா என்னயக் கேளுங்க. அந்தப் பிள்ளைய விட்டுருங்க."

"பெட்டி செஞ்சீங்க, சரி. இவங்க இந்த ஊரு ஆளுதான்னு நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?"

"போடுறேன்."

"பட்டா, வீட்டு வரி ரசீது ஏதாச்சும் ஒங்க பேர்ல இருக்கா?"

தச்சர் தலையில் இருந்த மரத்தூளைத் தட்டினார். "வாடகை வீடுங்க" என்றார்.

"அப்ப ஓரமா உக்காருங்க."

அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீரில் ஊறிய பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். இணைப்பு விட்டுப்போகும் என்று மெதுவாகச் சொன்னார். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. ஒரு போலீஸ்காரர் ஸ்டூலில் ஏறிக் குழல்விளக்கைத் தட்டினார், அது எரியவில்லை, மறுபடியும் தட்டினார். மணி ஆறரை. மகள் என்னிடம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"கண்டரமாணிக்கம்னு எழுதியிருக்கலாம்லப்பா."

அவள் குற்றம் சொல்லவில்லை. கணக்கில் ஒரு தப்பைக் காட்டுவதுபோலச் சொன்னாள். இரண்டு வருடம் ஆகிறது. இப்போதும் எதிர் பூத்தில் போன் மணி அடித்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன்.

ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது. பினாங்குக்காரர். வெள்ளை வேட்டி, குளித்து விபூதி பூசிய நெற்றி. சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். நாங்கள் வந்து இரண்டு மணி நேரத்தில் அவர் எழுந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலி வந்தது. விளக்கும் எரிந்தது.

"எல்லாம் என் வேலைதான், தம்பி" என்று பினாங்குக்காரர் சிரித்தார். "வெட்டியா இருக்கவுக வெளையாட்டு. நாங்க ஆளாளுக்கு ஒரு ஊர எழுதி வச்சுக்கிருவோம். ஒங்களுக்கு வீண் அலைச்சல்."

"நீங்க சொன்னாச் சரிங்க" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். பாஸ்போர்ட்டை என்னிடம் தந்தார். பெட்டியைத் தச்சரிடம் தந்தார். நோட்டிலிருந்து மகள் எழுதிய பக்கத்தை மட்டும் கிழித்து, மடித்து, மேசை இழுப்பறைக்குள் வைத்தார். "இது இங்க இருக்கட்டும்." பினாங்குக்காரர் அதைப் பார்த்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

வெளியே வந்ததும் மகள் சைக்கிளின் பூட்டைத் திறக்க முடியாமல் நின்றாள். மனைவி சாவியை வாங்கித் திறந்தாள். பினாங்குக்காரர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு என்னை அழைத்தார். தோளில் கை வைத்தார். மிகவும் அன்பாகத்தான் சொன்னார்.

"மனசுல வச்சுக்காதீக வாத்தியாரே. அடுத்த தடவ பெட்டி எங்க வீட்டுத் தோட்டத்துக்குள்ளயே இருக்கட்டும். பிள்ளையக் கூட்டிக்கிட்டு கண்டிப்பா வாங்க. பேர எழுதுங்க, முத்திரையக் குத்துங்க. அந்த ஊர்க் கட்டத்த மட்டும் நீங்க சும்மா விட்டுருங்க."