ஷபியாக்காவின் இரண்டு பெட்டிகள்

சேதி வந்தபோது என் தோளில் கேமரா இருந்தது. மணமேடையிலிருந்து தாலித் தட்டு ஆசி வாங்கக் கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது. என் சட்டைப்பையில் போன் மூன்று முறை துடித்து அடங்கியது. பிறகு லைட் பிடிக்கிற ஏழுமலை அண்ணன் தன் போனை எடுத்துப் பேசிவிட்டு, என் காதருகே குனிந்தார். "மூர்த்தி, நம்ம ஷபியாக்கா பூட்டாங்களாம்பா."

காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர். வண்டி செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். நான் கேமராவை இறக்கவில்லை. இறக்கியிருந்தால் அக்காவே எழுந்து வந்து திட்டியிருக்கும். மூன்று முடிச்சும் விழுந்த பிறகுதான் மண்டபத்தின் பின்பக்கம் போய், கை கழுவும் தொட்டியருகே நின்று அழுதேன். பந்தி முடித்து வந்த ஒரு பெரியவர், மிளகாய் கடித்துவிட்டாயா என்று விசாரித்தார். ஆமாம் என்றேன்.

நம் வீடியோக்காரர்கள் சங்கத்து மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான் படித்தது ஐந்தாவது. அதிலும் பாதி நாள் வாசலில் முட்டி போட்டுப் படித்தது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலருக்கு அக்காவைத் தெரியும். உத்திரமேரூர் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த அவர் வீட்டுக்காரர் பாய் இறந்ததும், கடையை விற்றுவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மூன்று மாதம் ஷட்டர் இறங்கியே இருந்தது. திறந்தபோது அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மிக்சிங் செய்துகொண்டிருந்தார். அன்றிலிருந்து நான் எடுப்பேன், அவர் வெட்டி ஒட்டுவார். நான் எடுத்ததில் பாதியை வெட்டினார் என்பது வேறு விஷயம்.

நம் தொழிலில் கேசட் படும் பாடு உங்களுக்குத் தெரியும். டி.வி.டி. போட்டுக் கொடுத்ததும், அதே கேசட்டின் மேல் அடுத்த கல்யாணத்தை ஏற்றிவிடுவோம். ஒரு வருஷம் கழித்து, டி.வி.டி.யில் கோடு விழுந்துவிட்டது, மாமனார் தவறிவிட்டார், இன்னொரு காப்பி வேண்டும் என்று வருவார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி அக்காவுக்கு வெறுத்துப்போனது. இரண்டாயிரத்து ஏழு வாக்கில், எல்லாக் கல்யாணத்தையும் போட்டு வைக்க நெட்வொர்க் பெட்டி வாங்க வேண்டும் என்றார்.

சென்னை ரிச்சி தெருவுக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். கடைக்காரர் பெரிய பெட்டியாகக் காட்டினார். உள்ளே இரண்டு டிஸ்க். சேர்த்து ஒன்றாகப் போட்டால் இடம் நிறைய. ஒன்றில் ஏற்றுவது மற்றதிலும் தானே ஏறும்படி போட்டால் இடம் பாதி. இதோடு டி.வி. பக்கத்தில் ஒரு குட்டிப் பெட்டியும் வைத்துவிட்டால், ஒயர் வழியாகவே படம் வந்துவிடும், டி.வி.டி. மாற்றும் வேலையே இல்லை. சேர்த்தே போடுங்கள், இருநூறு சினிமா பிடிக்கும் என்று நான் குதித்தேன். அக்கா பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி கேட்க ஆரம்பித்தார்.

"ஒரு டிஸ்க் செத்துப்போனா?"

"இன்னொண்ணுல இருக்கும்மா."

"இவன் தெரியாம அழிச்சிட்டா?" என்று என்னைக் காட்டினார்.

"ரெண்டுலயும் அழிஞ்சிடும்."

"பொட்டியே எரிஞ்சா?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். அக்கா முடிவு செய்துவிட்டார். "அப்ப ஒத்த டிஸ்க்கு பொட்டியா ரெண்டு குடுங்க. ஒண்ணு என் கடையில, ஒண்ணு இவன் வூட்ல. ஒரே எடத்துல ரெண்டு கீதுன்னா அது ஒண்ணுதான்."

ஒவ்வொரு முகூர்த்தம் முடிந்ததும் என் பெட்டியை மொபெட்டில் கட்டி ஸ்டூடியோவுக்குக் கொண்டு போவேன். அவர் பெட்டியிலிருந்து என் பெட்டிக்கு ஏற்றுவோம். ஒரு கேசட் ஏற அரை மணி ஆகும். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. மானாம்பதியில் என் வீட்டு டி.வி.யில், கூடவே வாங்கிய குட்டிப் பெட்டி வழியாக அதை முதலிலிருந்து கடைசி வரை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கேசட் அடுத்த கல்யாணத்துக்குப் போகும். "காப்பி பண்ணேன்னு சொல்லாத, பாத்தேன்னு சொல்லு" என்பார்.

சினிமா பார்க்கலாம் என்று காத்திருந்த என் வீட்டில் ஊரார் கல்யாணம் ஓடியது. என் பெண்டாட்டி, முன்பின் தெரியாத சம்பந்திகளைப் பற்றிச் சண்டை போடுமளவுக்குப் போய்விட்டாள். நானும் மறுநாள் போய், யார் மொய் எழுதாமல் இரண்டு பந்தி சாப்பிட்டார், எந்த மாமா மாலையோடு தூங்கினார் என்று அக்காவிடம் ஒப்பிப்பேன். அவர் சிரித்துக்கொண்டே கேசட்டைக் கையில் கொடுப்பார்.

இனி சொல்லப்போவது இதுவரை யாருக்கும் தெரியாது.

ஒரு வருஷம் ஆவணியில் ஒரே நாளில் இரண்டு கல்யாணம். நான் ராஜகுளத்துக்குப் போய்விட்டேன். திருமுக்கூடல் கல்யாணத்தை வேறு ஆள் எடுத்தார். மூன்று கேசட். மறுநாள் அதை என் பெட்டியில் ஏற்றும்போது வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பெட்டியை மூட என்னிடம் ஒரு பிளாஸ்டிக் பை கூட இல்லை. அக்கா உள்ளே தொழுகையில் இருந்தார். திரையில் மூன்றாவது கேசட் ஏறுவதைக் காட்டும் கோடு முக்கால் தாண்டி, கடைசிக்கு வந்திருந்தது. நகக்கண் அளவு மிச்சம். ஒயரைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அன்று வீட்டில் எல்லோரும் ஒரு புதுப்படத்துக்காகக் காத்திருந்தார்கள். படத்தைத்தான் பார்த்தோம். மறுநாள் அக்கா "பாத்தியா?" என்று கேட்டார். "பாத்தேன்க்கா" என்றேன். ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டு கேசட்டைக் கொடுத்தார்.

திருமுக்கூடல் கல்யாண வீட்டார் படத்தோடு சேர்க்கும் பாட்டு லிஸ்ட் கொடுக்கவில்லை. அதனால் டி.வி.டி. போடாமலே கிடந்தது. மூன்றாவது வாரம் பெண்ணின் அப்பா இறந்துவிட்டார். ஐப்பசியில் விழுந்த இடியில், கேபிள் ஒயர் வழியாக வந்த மின்னல் ஸ்டூடியோவில் இருந்த எல்லாவற்றையும் சுட்டுவிட்டது. அக்காவின் பெட்டி கருகி நாறியது. "பரவால்ல, உன்னுது கீதில்ல" என்றார். எனக்கு அப்போதுதான் பிடுங்கிய ஒயர் நினைவுக்கு வந்தது.

அந்த வாரமே அந்தப் பெண் புருஷனோடு வந்தது.

"பாட்டெல்லாம் வேணாங்க்கா. கார்ல ஏறும்போது அப்பா குனிஞ்சி இன்னாமோ சொன்னாரு. நான் அழுதுக்கினு இருந்தேன், காதுல வுழல. கேமராகாரர் பக்கத்துலயேதான் நின்னாரு. அத மட்டும் போடுங்க."

பெட்டியைக் கொண்டுவந்து, ஸ்டூடியோவில் இரவல் வாங்கி வைத்திருந்த டி.வி.யில் மாட்டினேன். முதல் கேசட் ஓடியது. இரண்டாவதும் ஓடியது. ஓட்டித் தள்ளச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண் அப்பா வரும் இடத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை காலைக் கழுவும்போது பாதித் தண்ணீரைத் தன் வேட்டியிலேயே ஊற்றிக்கொண்டார் அந்த மனுஷர். நல்ல மனுஷர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது கேசட்டில் சாப்பாடு, போட்டோ, மறுபடி போட்டோ. பிறகு மண்டப வாசல். கார். பெண் ஏறி உட்கார்ந்தது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்து வந்தார். கார் கண்ணாடியில் கை வைத்தார். குனிந்தார்.

படம் நின்றுவிட்டது.

"அவ்ளோதானா?" என்றது அந்தப் பெண்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டார். "அவ்ளோதான் கண்ணு. முழுசா ஏறல. நான் சரியா பாக்காம வுட்டுட்டேன். என் தப்பு."

கேசட்டைத் தேடி எடுத்தோம். அதன் மேல் ஒரு காதுகுத்து கடைசி வரை ஏறியிருந்தது. அந்தப் பெண் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அப்பா குனிந்தபடி நின்ற படத்தைக் காட்டி, "கொஞ்ச நேரம் அப்படியே வுடுங்க்கா" என்றது. விட்டோம்.

அவர்கள் போன பிறகு, நான் பார்க்கவே இல்லை என்று அக்காவிடம் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "பாத்திருந்தீன்னா, அந்த ஆளு வேட்டியில தண்ணி ஊத்திக்கினத வந்து சொல்லி என்னைச் சிரிக்க வெச்சிருப்ப. அன்னிக்கு நீ ஒரு கிண்டலும் பண்ணல. எனக்கு அப்பவே உறுத்திச்சி. கேக்காம கேசட்டக் குடுத்தேன் பாரு, அதான் என் தப்பு. உனக்காகப் பொய் சொன்னேன்னு நினைச்சிக்காத."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதைப் பேசியதே இல்லை. ஆனால் நான் சிரிக்க வைக்கும்வரை கேசட்டும் கைக்கு வராது.

திருமுக்கூடல் பெண் இதைப் படிக்க நேர்ந்தால், அம்மா, தப்பு என்னுடையது. அந்த ஒயரைப் பிடுங்கியவன் நான்தான்.

அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள், சேதி வந்தபோது எடுத்துக்கொண்டிருந்த கல்யாணத்தை வீட்டில் ஓடவிட்டேன். ஏழுமலை அண்ணன் குனிந்து சொல்லும் இடத்தில், என் கேமரா அசைந்து, தாலித் தட்டு ஒரு கணம் ஆடி, மறுபடி நிலைக்கு வருகிறது. வேறு ஆளிடம் கொடுத்த மிக்சிங்கில் அந்த ஆட்டத்தை எடுக்கச் சொல்லிவிட்டேன். என் பெட்டியில் மட்டும் அதைத் தனியாக வைத்திருக்கிறேன். இன்னொரு காப்பி ஏழுமலை அண்ணன் வீட்டில் இருக்கிறது.

கடைசி வரைக்கும் பார்த்தேன்க்கா. முதல் வரிசையில் மாப்பிள்ளையின் சித்தப்பா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது முடிச்சுக்குப் போட்ட அட்சதை நேராக உள்ளே போய்விட்டது. மென்று முழுங்கிவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார்.