பனிமூட்டம் நல்லது

போஸ்னியாவின் சரயேவோவில் பனிமூட்டம் இறங்கினால் விமானம் வராது, நெஞ்சு இரையும், ஊரே முகம் சுளிக்கும். ரஸியா மட்டும் ஜன்னலைத் திறந்து, "இன்னைக்கு நல்ல நாள்" என்பாள். தொண்ணூறுகளில் எதிரிப்படை ஊரை முற்றுகையிட்டிருந்தபோது, மலைமேல் துப்பாக்கியோடு படுத்திருந்தவனின் கண்ணை மறைத்தது அந்தப் பனிதான். தண்ணீருக்கும் விறகுக்கும் பனி இறங்கிய நாளில்தான் அவள் வெளியே போவாள். வெயிலடித்த ஒரு நாள், முச்சந்தியில் கை நழுவிய தண்ணீர்க் கேனை எடுக்க ஒரு கணம் நின்ற அவள் கணவன் வீடு திரும்பவில்லை. அன்று முதல் வெட்டவெளியைக் கண்டால் அவள் கால்கள் தாமாக ஓடும். அறுபத்தைந்து வயதில் ரொட்டிப் பையோடு அவள் ஓடுவதைப் பார்த்துப் பள்ளிப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அவள் வீட்டு மாடியறையில், உக்ரைனின் கெர்சோனிலிருந்து போருக்குத் தப்பி ஓடிவந்த ஒரிசியா குடியிருந்தாள். இருவர் மொழிக்கும் தூரத்து உறவு. பாதியை வாய் சொல்லும், மீதியைக் கை சொல்லும். அங்கே தனியாக இருந்த ஒரிசியாவின் அம்மா ஒருவழியாக ஊரைவிட்டுக் கிளம்பச் சம்மதித்திருந்தாள். மறுநாள் காலை பேருந்து. அதைப் பிடிக்க, குண்டு போடும் ட்ரோன்கள் சுற்றும் ஒரு மைதானத்தைக் கடந்தாக வேண்டும்.

"பனி விலகுறதுக்குள்ள கிளம்பச் சொல்லு. மைதானத்துல நிக்கவே கூடாது, ஓடணும்" என்றாள் ரஸியா.

"ஓடினாத்தான்க்கா ட்ரோன் கண்ணுல படும். சத்தம் கேட்டா மரத்தடியில அசையாம நிக்கணும்."

"நிக்கிறதா? நின்னவரைத்தான்டி நான் புதைச்சேன்."

காபிக்கு வந்திருந்த கீழ்வீட்டு அவ்தோ சிரித்தான். "மலைமேல இருந்தவன் கண்ணை மறைக்க நாம தெருவுக்குக் குறுக்கே போர்வை கட்டினோம். ட்ரோனைத் தடுக்க அவங்க தலைக்கு மேல வலை கட்டுறாங்க. சாவு வர்ற பக்கமே மாறிப்போச்சு. 'சண்டை ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும்'னு சொன்னாங்க பாரு, அது மட்டும்தான் மாறல."

"அந்தச் சண்டை முழுக்க நிலவறையை விட்டு ஏறாதவன் நீ. பேசாம குடி" என்றாள் ரஸியா.

மறுநாள் காலை சரயேவோவிலும் பனி. ஒரிசியாவின் கைபேசி ஊமையாகக் கிடந்தது. ரஸியா காபி வைத்தாள், பொங்கி வழிந்தது. துடைத்தாள், மறுபடி வைத்தாள், மறுபடி வழிந்தது. ஓடச் சொன்னது தப்போ? நிற்க விட்டால் மட்டும் பிழைப்பாளா? ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். முப்பது வருஷமாகத் தன்னைக் காத்த ஒரே பாடம், இன்னொருத்தியின் தாயைக் கொன்றுவிடுமோ?

கைபேசி அடித்தது. கேட்டுக்கொண்டே ஒரிசியா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நின்னாங்களா, ஓடினாங்களா?" ரஸியா அவள் தோளை உலுக்கினாள்.

"வாதுமை மரத்தடியில நின்னாங்களாம். சத்தம் போனதும் ஓடினாங்களாம். பஸ்ஸுல ஏறியாச்சுக்கா."

ரஸியா ரொட்டி வாங்கக் கிளம்பினாள். வீட்டுக்கு இன்னொரு வயிறு வருகிறதே. தெருவுக்கு வந்தபோது பனி விலகி வெயில் வந்திருந்தது. முச்சந்தி மரத்தடியில் அசையாமல் நின்று பார்த்தாள், அந்த அம்மா நின்றதுபோல. ஒரு மூச்சுக்கு மேல் தாங்கவில்லை.

ஓடினாள்.